வளைகோட்டுக்குப் பின்னால் உன் பெயர்

ராத்திரி பதினொன்றரைக்கு என் தங்கை போன் செய்தாள். "அக்கா, என் பேஜைத் திறந்தா 403 ஃபார்பிடன்னு வருது. காலேஜ்ல என்னைத் தடை பண்ணிட்டாங்களா?" குரலில் அழுகை எட்டிப் பார்த்தது. யாரும் தடை செய்யவில்லை. சேர்ந்தவுடன் கல்லூரி சர்வரில் ஆளுக்கொரு கணக்கு கொடுத்து, சொந்த வலைப்பக்கம் வைக்க இடமும் கொடுத்தவர்கள், கதவை எப்படித் திறப்பது என்று சொல்ல மறந்துவிட்டார்கள். அன்றைக்கு அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். உன் கல்லூரியிலும் இப்படி ஓர் இடம் கொடுத்திருந்தால் கேட்டுக்கொள்.

முதலில் முகவரி. கல்லூரித் தளத்தின் பெயர், ஒரு சாய்கோடு, பிறகு அலை மாதிரி ஒரு வளைகோடு, அதை ஒட்டி உன் லாகின் பெயர். அந்த வளைகோட்டுக்கு டில்டே என்று பெயர். யூனிக்ஸ் உலகில் அதற்கு 'வீடு' என்று பொருள். 1970களில் வந்த ஏடிஎம்-3ஏ டெர்மினலின் கீபோர்டில் 'ஹோம்' என்ற சொல்லும் டில்டேயும் ஒரே கட்டையில் இருந்தன. அந்த உறவு இன்னும் விட்டுப்போகவில்லை. லேப்டாப்பில் 1க்கு இடப்பக்கக் கட்டையை ஷிஃப்டோடு அழுத்தினால் வரும். போனில் தேட வேண்டும். எங்கள் அம்மா அந்த இடத்தில் மைனஸ் குறியைப் போட்டுவிட்டு, "உன் பக்கமே இல்லையேடி" என்றார். அதனால் முகவரியை வாயால் சொல்லாதே, லிங்காக அனுப்பிவிடு.

இனி அந்த 403. சர்வரில் உன் ஹோம் ஃபோல்டருக்குள் 'பப்ளிக்', 'ஹெச்டிஎம்எல்' என்ற இரண்டையும் அடிக்கோட்டால் சேர்த்து, எல்லாம் சின்ன எழுத்தில், ஒரு ஃபோல்டர் இருக்க வேண்டும். இல்லையென்றால் நீயே உருவாக்கு. அப்பாச்சி சர்வர் வழக்கமாகத் தேடும் பெயர் அதுதான். சில இடங்களில் வேறு பெயர் வைத்திருப்பார்கள், லேபில் கேட்டுக்கொள். ஹோம் உன் வீடு, இந்த ஃபோல்டர் திண்ணை என்று வைத்துக்கொள். கோணல் என்னவென்றால், இந்த வீட்டில் திண்ணை உள்ளே இருக்கிறது. வருகிறவர் கூடத்தைத் தாண்டித்தான் அங்கே போக முடியும். கூடம் பூட்டியிருந்தால் திண்ணையை எவ்வளவு திறந்து வைத்தும் பயனில்லை. என் தங்கை செய்தது அதுதான்: உள் ஃபோல்டருக்கு மட்டும் அனுமதி கொடுத்துவிட்டு, ஹோமை அப்படியே விட்டிருந்தாள்.

அனுமதியை மூன்று இலக்கத்தில் எழுதுவார்கள். முதல் இலக்கம் உனக்கு, அடுத்தது உன் குழுவுக்கு, கடைசி ஊருக்கு. படிக்க 4, எழுத 2, உள்ளே நுழைய 1. வேண்டியதைக் கூட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஹோமுக்கு 711. வெளியாள் கூடத்தைக் கடந்து போகலாம், ஆனால் என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் எடுக்க முடியாது. திண்ணை ஃபோல்டருக்கும் அதற்குள் இருக்கும் ஃபோல்டர்களுக்கும் 755. பக்கங்களுக்கும் படங்களுக்கும் 644. ஃபைல் ஏற்றும் மென்பொருளான ஃபைல்ஜில்லாவோ வின்எஸ்சிபியோ வைத்திருந்தால் ரைட் கிளிக் செய்து இந்த எண்ணைப் போட்டாலே போதும். கூடம் திறந்ததால், கூடத்தில் கிடக்கும் மற்ற ஃபைல்களையும் ஒருமுறை பார்த்துவிடு. அவற்றில் உன்னைத் தவிர யாருக்கும் அனுமதி இருக்கக் கூடாதென்றால் 600.

ஆனால் 777 மட்டும் போடாதே. எதுவும் நடக்காத கடுப்பில் எல்லாரும் கடைசியில் அதைத்தான் போடுகிறார்கள், பக்கமும் திறந்துவிடுகிறது. கூடவே அதே சர்வரில் கணக்கு வைத்திருக்கும் எவரும் உன் பக்கத்தில் எழுதிவிட்டுப் போகலாம். ஹாஸ்டலில் இருப்பவளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

சரி, 403 போனது. அடுத்து, முதல் பக்கத்தின் பெயரையும் முகவரியில் சின்ன எழுத்தில் சேர்த்து அடித்தபோது 404 வந்தது, அப்படி ஒரு பக்கமே இல்லை என்று. முதல் பக்கத்துக்கு 'இண்டெக்ஸ்' என்று பெயர் வைத்திருந்தாள், முதல் எழுத்து பெரிய ஐ. விண்டோஸ் இதைக் கண்டுகொள்ளாது. சர்வரில் இருக்கும் லினக்ஸுக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் இரண்டு வெவ்வேறு ஆட்கள். கேமரா எடுத்த படத்தின் பெயர் பெரிய எழுத்தில் 'ஜேபிஜி' என்று முடியும், நீ கோடில் சின்ன எழுத்தில் எழுதியிருப்பாய். உன் லேப்டாப்பில் படம் ஜோராகத் தெரியும், சர்வரில் உடைந்த சட்டம்தான் தெரியும். எல்லாப் பெயரும் சின்ன எழுத்து, இடைவெளி கிடையாது என்று முதல் நாளே ஒரு விதி வைத்துக்கொள்.

பாதையிலும் இதே கதைதான். படத்தின் முகவரி 'சி டிரைவ்' என்று ஆரம்பித்தால் அது உன் மேஜையைத் தாண்டி யாருக்கும் தெரியாது. அதைவிடக் கள்ளத்தனமான தப்பு, பாதையின் தொடக்கத்தில் போடும் சாய்கோடு. அது இருந்தால் பிரவுசர் கல்லூரித் தளத்தின் தலைவாசலுக்குப் போய்த் தேடும், உன் வளைகோட்டு வீட்டுக்கு வராது. தொடக்கச் சாய்கோடு இல்லாமல், இருக்கும் ஃபோல்டரிலிருந்தே வழி சொல்லு. நாளைக்கு மொத்தத்தையும் தூக்கி வேறு சர்வரில் வைத்தாலும் ஒரு லிங்கும் உடையாது.

தமிழில் எழுதப்போகிறாயா? ஹெட் பகுதியில், முதல் வரியாகவே, கேரக்டர் செட் யுடிஎஃப்-8 என்று சொல்லிவிடு. எடிட்டரிலும் அதே யுடிஎஃப்-8இல் சேமி. விட்டுவிட்டால் 'அம்மா' என்று எழுதிய இடத்தில், தலையில் சாய்கோடு போட்ட ஒரு குட்டி ஏ, பக்கத்தில் வட்டத்துக்குள் ஒரு ஆர், அப்புறம் ஏதோ ஒரு கிறுக்கல் என்று வரிசையாக வரும். ஒரு தமிழ் எழுத்துக்குறி யுடிஎஃப்-8இல் மூன்று பைட் எடுக்கும். பிரவுசர் அந்த மூன்றையும் தனித்தனி ஐரோப்பிய எழுத்தாகப் படித்துவிடுகிறது. நீ சரியாகச் சொல்லியும் அப்படியே வந்தால், சர்வர் தன் பங்குக்கு வேறொரு கேரக்டர் செட்டைச் சொல்லி அனுப்புகிறது என்று அர்த்தம். சர்வர் சொல்லுக்குத்தான் பிரவுசர் மரியாதை கொடுக்கும். லேப் சிஸ்டம் அட்மின் அண்ணாவிடம் போ. போகும்போது முழு முகவரி, நேரம், திரையில் வந்த வாசகம் மூன்றையும் எழுதிக்கொண்டு போ. "அண்ணா, வொர்க் ஆகல" என்று மட்டும் போய் நின்றால் அவர் டீ குடிக்கப் போய்விடுவார்.

படங்களை அகலம் 1200 பிக்சலுக்குள் சுருக்கிவிட்டு ஏற்று. இடம் அளந்துதான் கொடுத்திருப்பார்கள். வேர்டில் அடித்து வலைப்பக்கமாகச் சேமிக்கும் வேலையே வேண்டாம், ஐந்து வரிக்கு ஐநூறு வரி குப்பை வரும்.

அடுத்து என்ன போடக் கூடாது என்பது. நம் ஊர் பயோடேட்டா பழக்கத்தில் தகப்பனார் பெயர், பிறந்த தேதி, நிரந்தர முகவரி, செல் நம்பர், சில பேர் பாஸ்போர்ட் நம்பர்கூட எழுதுகிறோம். கூடவே கையெழுத்தை ஸ்கேன் செய்து ஒட்டியும் வைக்கிறோம். அதை அப்படியே ஏற்றாதே. படிப்பு, செய்த புராஜெக்ட், கல்லூரி மின்னஞ்சல் போதும். "லிங்க் கொடுக்கலையே, யாருக்குத் தெரியும்" என்று மதிப்பெண் பட்டியலைத் திண்ணை ஃபோல்டரில் போட்டு வைக்காதே. இண்டெக்ஸ் பக்கம் இல்லாத ஃபோல்டரைப் பல சர்வர்கள் பட்டியலாகவே விரித்துக் காட்டும். கூகுளைத் தடுக்க ரோபோட்ஸ் ஃபைல் எழுதி உன் ஃபோல்டரில் வைப்பதும் வீண். தளத்தின் தலைவாசலில் இருக்கும் ரோபோட்ஸ் ஃபைலை மட்டும்தான் தேடுபொறி பார்க்கும். உன் கையில் இருப்பது ஒவ்வொரு பக்கத்தின் ஹெட்டிலும் 'நோ இண்டெக்ஸ்' மெட்டா வரி எழுதுவதுதான். அசைன்மென்ட் கோடையும் கடைசி தேதிக்கு முன் ஏற்றாதே. எடுத்தது யார், கொடுத்தது யார் என்று எந்த மேடமும் விசாரிப்பதில்லை, இரண்டு பேருக்கும் பூஜ்யம்.

கடைசியாக, கிளம்பும் நாள். நான் மூன்று வருஷம் பார்த்துப் பார்த்து வைத்திருந்த பக்கம், படிப்பு முடிந்த அடுத்த விடுமுறையில் கணக்கோடு சேர்ந்து போய்விட்டது. எடிட் செய்ததெல்லாம் சர்வரிலேயே, என் கையில் பிரதி இல்லை. இண்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் முதல் பக்கம் கிடைத்தது, படம் ஒன்றும் கிடைக்கவில்லை. நீ மூலத்தை உன் லேப்டாப்பில் வைத்துக்கொள், சர்வரில் இருப்பது நகல். யாஹூகூட 1994இல் ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் இருவரின் கம்ப்யூட்டரில், அகெபோனோ, கொனிஷிகி என்று சுமோ வீரர்களின் பெயர் வைத்த இரண்டு இயந்திரங்களில், இருந்த பக்கம்தான். கூட்டம் தாங்காமல் அடுத்த ஆண்டே வெளியே தூக்கிக்கொண்டு போனார்கள்.

கடைசி செமஸ்டர் தொடங்கும்போதே கிட்ஹப் பேஜஸ் மாதிரி ஓர் இடத்துக்கு ஃபோல்டரைத் தூக்கி வை. பழைய பக்கத்தில் 'வீடு மாறிவிட்டேன்' என்று புது முகவரியை எழுதிப் போடு. பேராசிரியர்களுக்கும் வேலைக்கு மனுப் போட்ட இடங்களுக்கும் புது லிங்கை அனுப்பு. கணக்கு எந்தத் தேதியில் மூடப்படும் என்று அதே அட்மின் அண்ணாவிடம் கேட்டுக் காலண்டரில் குறி.

என் தங்கையின் பக்கம் அன்றைக்கு ஒரு மணிக்குத் திறந்தது. ஹாஸ்டல் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பார்க்கச் சொன்னேன், வெளியூர்க்காரருக்கும் திறக்கிறதா என்று தெரிய வேண்டுமல்லவா. திறந்தது. "அக்கா, என் போட்டோ தலைகீழா இருக்கு" என்றாள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டேன்.