நுரையீரலுக்கும் ஒரு டெஸ்டிங்!

ஒரு பம்பைக் கொடுத்தால் லேபில் ஓட்டி டிஸ்சார்ஜ் எவ்வளவு என்று பார்க்கிறோம். நெஞ்சுக்குள் ஓயாமல் ஓடும் நுரையீரலை என்றைக்காவது அப்படிப் பார்த்திருக்கிறோமா? அதற்கான சோதனைதான் ஸ்பைரோமெட்ரி.

லண்டன் மருத்துவர் ஜான் ஹட்சின்சன் 1846-ல் இதற்கான கருவியை விளக்கி எழுதினார். தண்ணீரில் கவிழ்த்த பாத்திரத்துக்குள் ஊதினால் பாத்திரம் மேலே எழும்பும். எழும்பிய உயரத்தை வைத்துக் காற்றின் அளவு. இன்றைய கருவிகள் பலவற்றில் சென்சார் காற்றோட்டத்தை அளக்கிறது. கம்ப்யூட்டர் அதை இன்டக்ரேட் செய்து லிட்டரில் தருகிறது. கணக்குப் பாடம் வீண் போகவில்லை, பார்த்தீர்களா!

செய்முறை: மூக்கில் கிளிப். முழுமூச்சு இழுத்து, மவுத்பீஸை உதட்டால் இறுகக் கவ்வி, பட்டென்று ஊதி, காலியாகும் வரை விடக்கூடாது. ஓரத்தில் கசிந்தால் ரீடிங் தப்பு. அதனால் குறைந்தது மூன்று முறையாவது சரியாக ஊத வைப்பார்கள்.

ரிப்போர்ட்டில் இரண்டு எண்கள் முக்கியம். மொத்தம் வெளிவந்த காற்று எஃப்.வி.சி. அதில் முதல் விநாடியில் வந்தது எஃப்.இ.வி.1. இவற்றின் விகிதம்தான் சாவி. மூன்று உதாரணங்கள்:

அ) 4 லிட்டரில் 3.2 — 80 சதவீதம். நார்மல்.

ஆ) 4 லிட்டரில் 2.2 — 55 சதவீதம். தொட்டி சரி, குழாய் சுருங்கிவிட்டது. ஆஸ்துமா, புகைப்பழக்கத்தால் வரும் மூச்சுக்குழாய் நோய் இப்படி.

இ) 2.5 லிட்டரில் 2.1 — 84 சதவீதம். 'பாஸ்' என்று நினைத்துவிடாதீர்கள்! குழாய் சரி, தொட்டி சிறுத்திருக்கலாம். சிலிக்கா தூசியால் நுரையீரல் தழும்பேறி விறைத்தால் இப்படி வரலாம். உறுதி செய்ய வேறு சோதனை வேண்டும்.

அதனால்தான் உயரம், வயது, ஆணா பெண்ணா என்பதையும் வைத்து ஒப்பிடுகிறார்கள்.

என் சித்தப்பா ஒரு நூற்பாலையில் ப்ளோ ரூம் தொழிலாளி. வார லீவு முடிந்து வேலைக்குப் போகும் முதல் நாள் நெஞ்சு இறுக்கும். பஞ்சுத் தூசியால் வரும் பிஸினோசிஸின் அடையாளம் அது. "வயசாச்சுடா, அதான்" என்று வருஷக்கணக்கில் தள்ளிப்போட்டார். ஊதிப் பார்த்தபோது விகிதம் 58. மருந்தை உறிஞ்சவைத்து, 15 நிமிடம் கழித்து ஊதியும் பெரிதாக ஏறவில்லை. "முன்னாடியே வந்திருந்தா செக்ஷனாவது மாத்தியிருக்கலாம்" என்றார் டாக்டர்.

நாளைக்கு நாமும் ஃபவுண்டரி, வெல்டிங் ஷாப், மில் என்றுதான் போகப்போகிறோம். வேலையில் சேரும்போதே ஒரு தடவை ஊதி, அந்த ரிப்போர்ட்டை டிப்ளமோ சர்டிஃபிகேட்டோடு பத்திரமா வச்சுக்கோங்க. வருஷா வருஷம் ஊதி, முதல் ரிப்போர்ட்டோடு ஒப்பிடுங்க. மூச்சு வாங்குவது நமக்குத் தெரிவதற்கு முன்பே எண்கள் காட்டிக்கொடுத்துவிடும்!