பாறுகளும் மக்கள் நலமும்

பாறு என்பது பிணந்தின்னிக் கழுகின் பழந்தமிழ்ப் பெயர். முற்காலத்தில் இந்தியச் சிற்றூர்களில் மாடு இறந்தால், அதனை ஊருக்கு வெளியே இட்டுவிடுவர். சிறிது நேரத்தில் பாறுகள் கூட்டமாக வந்திறங்கும்; எலும்புகளை மட்டும் எஞ்சவிட்டுப் பறந்து செல்லும். அவற்றின் இரைப்பையில் சுரக்கும் கடுமையான அமிலம், அடைப்பான் முதலிய கொடிய நோய்களின் கிருமிகளையும் அழிக்க வல்லது. இவ்வாறு கூலி பெறாத துப்புரவாளராகப் பாறுகள் விளங்கின.

1980களில் இந்தியாவில் கோடிக்கணக்கான பாறுகள் வாழ்ந்தன. 1990களில் அவை விரைந்து மறையத் தொடங்கின. 2007ஆம் ஆண்டிற்குள் வெண்முதுகுப் பாறுகள் 99 விழுக்காட்டிற்கும் மேல் குறைந்துவிட்டன. இதன் காரணம் பல ஆண்டுகள் புலப்படவில்லை. பாகிஸ்தானில் நடைபெற்ற ஓர் ஆய்வு 2004ஆம் ஆண்டில் அதனை வெளிப்படுத்தியது. மாடுகளின் வலியைத் தணிக்க அளிக்கப்பட்ட டைக்குளோஃபினாக் என்னும் மருந்தே அக்காரணம். மருந்து பெற்ற மாடு விரைவில் இறந்தால், அதன் உடலில் மருந்து எஞ்சியிருக்கும். அவ்வுடலை உண்ட பாறுகளின் சிறுநீரகம் செயலிழந்து, அவை சில நாள்களில் மடிந்தன. ஓர் உயிரின் துன்பம் தீர்க்க இரக்கத்தோடு அளித்த மருந்து, மற்றோர் உயிரினத்திற்கு நஞ்சாயிற்று.

இழப்பு பறவைகளோடு நின்றுவிடவில்லை. பாறுகள் உண்ணாத உடல்கள் அழுகி, நிலத்தையும் நீரையும் மாசுபடுத்தின. அவற்றை உண்டு தெருநாய்கள் பெருகின. வெறிநாய்க்கடி நோயின் அச்சமும் மிகுந்தது. அறிகுறிகள் தோன்றிய பின் அந்நோயினின்று பிழைப்பது அரிதினும் அரிது.

2006ஆம் ஆண்டில் இந்திய அரசு, கால்நடைகளுக்கு டைக்குளோஃபினாக் அளிப்பதைத் தடை செய்தது. பாறுகளுக்குத் தீங்கு செய்யாத மெலாக்சிகாம் மாற்று மருந்தாயிற்று. மனிதர்க்குரிய பெரிய மருந்துக் குப்பிகள் மாடுகளுக்குப் பயன்படுவதைத் தடுக்க, 2015ஆம் ஆண்டில் குப்பியின் அளவு 3 மில்லி லிட்டராகக் குறைக்கப்பட்டது. அரியானாவின் பிஞ்சோரில் பாறுகள் பாதுகாப்பாக வளர்க்கப்படுகின்றன. நீலகிரியின் மோயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சிய பாறுகள் இன்றும் கூடு கட்டுகின்றன.

பாறு பெரும்பாலும் ஆண்டிற்கு ஒரு முட்டை மட்டுமே இடும். ஆகவே, சில ஆண்டுகளில் இழந்ததை மீட்கப் பல தலைமுறைகள் ஆகும். பாறுகளைக் காப்பது பறவைக்குச் செய்யும் உதவி மட்டுமன்று. மக்கள் தம் நலத்திற்குத் தாமே இடும் வேலியும் ஆகும்.

சொற்பொருள்
விழுக்காடு – நூற்றில் ஒரு பங்கு
மடிதல் – இறத்தல்
அரிது – எளிதில் நிகழாதது

வினாக்கள்
1. பாறுகள் 'கூலி பெறாத துப்புரவாளர்' எனப்படுவது ஏன்?
2. மாட்டிற்கு அளித்த மருந்து பாறுகளை எவ்வாறு சென்றடைந்தது?
3. பாறுகள் குறைந்ததால் மக்களுக்கு நேர்ந்த தீங்குகள் யாவை?
4. பிரித்து எழுதுக: அவ்வுடல், நஞ்சாயிற்று.

சிந்திக்க
உம் ஊரில் மக்கள் நலம் காக்கும் உயிரினம் ஒன்றைப் பற்றி ஐந்து தொடர்கள் எழுதுக.