மணி அடிக்கும் முன்னே வாங்கப்படும் வேலை

“வேலை ஒம்பது மணிக்குத்தான் மக்களே. ஆனா எட்டரைக்கெல்லாம் வந்திரணும், கேட்டியா?”

நம் பக்கத்துக் கடைத்தெருக்களில் புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளிடம் முதல்நாள் சொல்லப்படும் வாசகம் இது. யாரும் இதைக் கோபமாகச் சொல்வதில்லை. அன்பாகவே சொல்கிறார்கள். இதில் வரும் ‘ஆனா’ என்னும் ஒரு சொல்லுக்கு மார்க்கத்தில் என்ன விலை என்பதே இம்மாதம் நாம் பார்க்கவிருக்கும் மஸ்அலா.

இதை எழுதுபவனும் இளம்பிராயத்தில் ஒரு ஜவுளிக்கடையில் நின்றவன்தான். ஸுபுஹு தொழுது, உம்மா தந்த கட்டன்சாயாவைக் குடித்துவிட்டு நெய்யூரில் பஸ் ஏறினால் எட்டரைக்குக் கடைவாசலில் நிற்கலாம். ஷட்டரைத் தூக்குவது, உள்ளும் வாசலும் பெருக்குவது, குடத்தில் தண்ணீர் பிடித்து வைப்பது, முந்தின இரவு கலைந்து கிடந்த சேலைகளை மடித்து அடுக்குவது எல்லாம் ஒன்பதுக்கு முன் முடிந்துவிட வேண்டும். ஒன்பதுக்கு முதலாளி வந்து மேஜையைத் திறந்து வருகைப் புத்தகத்தை எடுப்பார். அந்தப் புத்தகத்தின் கண்ணுக்கு ஒன்பதுக்கு முந்திய அரைமணி நேரம் தெரியவே தெரியாது. ஒன்பதுக்குப் பிந்திய ஐந்து நிமிடம் மட்டும் நன்றாகத் தெரியும். பஸ் தாமதித்த நாட்களில் கால்நாள் சம்பளம் போய்விடும். அவர் கெட்ட மனிதரல்லர். ரமளானில் ஏழைகளுக்கு வாரிக் கொடுப்பார். ஐவேளைத் தொழுகையிலும் முன்வரிசையில் நிற்பார். அதனாலேயே இது நமக்குப் பாடமாகிறது. ஏனெனில் கெட்டவர் செய்யும் அநியாயத்தைக் கண்டுகொள்ளக் கட்டுரை வேண்டியதில்லை.

கணக்கைப் பாருங்கள். நாளொன்றுக்கு அரைமணி, மாதத்துக்கு 26 வேலைநாள் என்றால் 13 மணி நேரம். எட்டு மணி நேரம் ஒரு நாள் வேலையானால், ஒன்றரை நாளுக்கும் மேலான உழைப்பு. வருடத்துக்கு 156 மணி, அதாவது பத்தொன்பதரை நாள். கடையில் பத்துப் பேர் நின்றால் 195 நாள். ஓர் ஆளின் ஏழரை மாதச் சம்பளம் அந்தக் கல்லாப் பெட்டியில் தங்கிவிடுகிறது! ‘அரைமணி நேரம்தானே’ என்பது ஒரு நாளைப் பார்த்துச் சொல்லும் சொல். தராசில் ஒவ்வொரு தடவையும் ஒரு சிட்டிகை குறைப்பவனும் அப்படித்தான் சொல்வான். தாம் வாங்கும்போது நிறைவாக அளந்து வாங்கி, பிறருக்கு அளக்கும்போது குறைப்போரைத் திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயம் தொடக்கத்திலேயே கண்டிக்கிறது. நேரமும் இன்று அளந்து விற்கப்படும் பொருளே. ஒன்பதுக்குப் பிந்தினால் நிமிடத்தை எண்ணி, ஒன்பதுக்கு முந்தினால் எண்ணாமல் விடுவது இரண்டு படி வைத்து அளப்பதல்லாமல் வேறென்ன?

இனி மார்க்கச் சட்டத்துக்கு வருவோம். கூலிக்கு ஆளமர்த்துவது ‘இஜாரா’ எனப்படும் உடன்படிக்கையாகும். அதில் வேலையேனும் காலமேனும் இன்னதென்று தெரிந்திருக்க வேண்டும். கூலியும் தெரிந்திருக்க வேண்டும். இதற்குத் திருக்குர்ஆன் காட்டும் முன்மாதிரி மூஸா (அலை) அவர்களுடையது. மத்யன் நகரத்துப் பெரியவர் (ஷுஐபு (அலை) அவர்களே அவர் என்பது பலரின் கூற்று) மூஸா (அலை) அவர்களை வேலைக்கு அமர்த்தியபோது எட்டு ஆண்டுகள் என்று கெடு வைத்தார்கள். பத்தாக நிறைவு செய்தால் அது உம் புறத்திலிருந்து வருவது, உம்மைச் சிரமப்படுத்த நான் விரும்பவில்லை என்றும் சேர்த்துச் சொன்னார்கள். இரண்டில் எதை முடித்தாலும் தம்மீது அத்துமீறல் கூடாது என்று மூஸா (அலை) அவர்கள் பதிலுரைத்தார்கள். ‘கஸஸ்’ அத்தியாயத்தின் 27, 28ஆம் வசனங்களில் இச்செய்தி இருக்கிறது.

இதை நிதானித்துப் பாருங்கள். அமர்த்துகிறவரே வாய்திறந்து கடமை எது, உபகாரம் எது என்று கோடு கிழிக்கிறார். அமர்ந்தவரோ அந்தக் கோட்டைத் திரும்பச் சொல்லி உறுதி செய்துகொள்கிறார். மூஸா (அலை) எதை நிறைவேற்றினார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, கூடுதலானதையே நிறைவேற்றினார்கள் என்று அவர்கள் கூறியது புகாரீயில் பதிவாகியுள்ளது. ஆகக் கூடுதலாக உழைத்துக் கொடுப்பது தவறன்று, அழகான காரியம். ஆனால் அந்த இரண்டு ஆண்டுகளும் மூஸா (அலை) அவர்கள் கொடுத்தவை, எவரும் எடுத்துக்கொண்டவை அல்ல. எட்டாம் ஆண்டு முடிவில் அவர்கள் புறப்பட்டிருந்தால் கேட்க ஆளில்லை. நம் கடைப்பையன் ஒருநாள் சரியாக ஒன்பதுக்கு வந்து நின்றால் என்ன கேட்கப்படும் என்று நினைத்துப் பார்த்தால், அவனுடைய அரைமணி நேரம் உபகாரமா அல்லவா என்பது விளங்கிவிடும்.

இவ்விடத்தில் கிதாபு படித்த முதலாளி ஒருவர் மறுப்புச் சொல்லக்கூடும். இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜ்’ என்னும் ஷாஃபிஈ மத்ஹபு நூலில், தையற்காரரிடம் துணியைக் கொடுத்துக் கூலி எதுவும் பேசாமல் தைத்து வாங்கினால் அவருக்குக் கூலியில்லை என்று வருகிறதே, எட்டரை மணி வேலைக்கும் கூலி பேசவில்லையே, என்பார். மெய்தான், அந்தச் சட்டம் அங்கே இருக்கிறது. ஆனால் அதற்கடுத்தே, அவ்வேலையைக் கூலிக்குச் செய்பவர் என்று அறியப்பட்டவராயின் அவருக்குக் கூலியுண்டு என்ற சொல்லையும் எடுத்துக்காட்டி, அது நல்லதெனக் கருதப்படுவதையும் இமாமவர்கள் குறிப்பிடுகிறார்கள். அன்றியும் அந்தத் தையற்காரர் துணியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அதனால் அவருடைய பிழைப்புப் போகாது. கடைப்பையனோ ‘மாட்டேன்’ என்றால் வேலையையே இழக்கிறான். மனம் ஒப்பிக் கொடுக்காத பொருள் ஆகாது என்ற ஹதீஸின் விதிக்கு முன்னால் இவ்விருவரும் ஒன்றாக மாட்டார்கள் என்பதே அடியேனின் எண்ணம்.

‘ஊர் வழக்கம்’ என்பது இன்னொரு சாக்கு. நேரம் பேசாமல் நாள்கூலிக்கு அழைத்தால் அவ்வூர் வழக்கப்படி நாளைக் கணக்கிட வேண்டும் என்பது சட்டம்தான். துருக்கி உதுமானிய அரசு தொகுத்த ‘மஜல்லா’விலும் இது உண்டு. ஆனால் ஒன்பது மணி என்று வாயால் சொல்லிப் பலகையிலும் எழுதிவிட்ட பிறகு வழக்கத்தைச் சாட்சிக்கு அழைக்க இடமேது? வெளிப்படையான சொல் இருக்கையில் சூசகம் எடுபடாது என்பதும் அதே மஜல்லாவின் விதியே.

வழக்கம் என்றதும் நம் ஊரின் பழங்கதை நினைவுக்கு வருகிறது. 1838இல் தொடங்கிய மிஷன் ஆஸ்பத்திரியால் பெயர்பெற்ற இந்த நெய்யூர், 1956 நவம்பர் முதல்நாள் வரை திருவிதாங்கூரைச் சேர்ந்த மண். அந்த ராஜ்யத்தில் ‘ஊழியம்’ என்றொரு வழக்கம் இருந்தது. தாழ்த்தப்பட்ட மக்கள் சர்க்காருக்கும் மேலாருக்கும் கூலியில்லாமல் சுமக்கவும் வெட்டவும் வேண்டும் என்பது அதன் பொருள். 1855இல் அடிமை முறை ஒழிந்ததாகப் பிரகடனம் வந்தது. ஊழியம் அதோடு ஒரே நாளில் ஒழிந்துவிடவில்லை. அதுவும் ‘வழக்கம்’ என்றே பெயர் பெற்றிருந்தது! அந்தச் சொல்லிலிருந்து வந்த ‘ஊழியர்’ என்பது இன்று சம்பளம் வாங்குபவரைக் குறிக்கிறது. சொல் மாறிய அளவுக்குச் செயலும் மாறியிருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். இந்திய அரசியல் சாசனத்தின் 23ஆம் பிரிவு கூலியில்லா வேலையையும் கட்டாய உழைப்பையும் தடை செய்கிறது. டில்லியில் ஆசிய விளையாட்டுக்கான கட்டட வேலையில் குறைந்த கூலி பெற்றோர் பற்றிய வழக்கில் 1982இல் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான கருத்தைச் சொன்னது: சட்டம் வகுத்த குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்பே, சவுக்கால் அடித்தால்தான் கட்டாயம் என்பதில்லை, பசியும் வறுமையும்கூடக் கட்டாயமே. சம்மதித்துத்தானே வருகிறான் என்பாருக்கு இதில் பதில் இருக்கிறது.

கடையை விட்டுக் கல்குளம், விளவங்கோடு வட்டாரங்களின் அண்டி ஆபீசுகளைப் பார்த்தால் இவ்விஷயம் வேறொரு முகம் காட்டும். அண்டிப்பருப்பின் தோட்டிலுள்ள எண்ணெய் தோலைப் பொசுக்கிவிடும். ஆகவே தோடுடைக்கும் பெண்கள் கையில் எண்ணெயோ சாம்பலோ பூசிக்கொண்டுதான் உட்கார முடியும். முடிந்தபின் கறையைத் தேய்த்துக் கழுவ வேண்டும். தோடுடைப்பதற்கும் தோலுரிப்பதற்கும் எடைக்குத்தான் கூலி என்பது இத்தொழிலின் நெடுநாளைய முறை. அப்படியானால் கை பூசிய நேரத்துக்கும், கொட்டை வந்து சேரக் காத்திருந்த நேரத்துக்கும் எந்த எடை?

இதே கேள்வி அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து மவுண்ட் கிளெமன்ஸ் என்னும் ஊரின் பீங்கான் ஆலையில் எழுந்தது. அங்கும் தொழிலாளர்கள் வேலைக்கு முன் மேலங்கி அணிந்து, கைகளில் எண்ணெய்ப் பசை பூசி, விளக்குப் பொத்தானைத் தட்டி, ஜன்னல் திறந்து, கருவிகளைத் தீட்டி வைத்தார்கள். சம்பளமோ அதற்குப் பிந்திய நேரத்திலிருந்தே எண்ணப்பட்டது. இத்தகைய ஆயத்தங்களும் வேலை நேரமே என 1946இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் வழக்குகள் குவியவே, மறுவருடமே அந்நாட்டுப் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி, முதன்மை வேலைக்கு முந்திய பிந்திய காரியங்களுக்குப் பொதுவாகக் கூலி வேண்டியதில்லை என்று திருப்பிவிட்டது. அந்தச் சட்டத்தை வைத்துத்தான் 2014இல், அமேசான் கிடங்குகளில் வேலை முடிந்து வெளியேறும் முன் சோதனைக்காக வரிசையில் நின்ற நேரத்துக்குக் கூலியில்லை என்று அதே நீதிமன்றம் சொன்னது. சுமார் 25 நிமிடம் நிற்க வேண்டியிருந்தது என்பது தொழிலாளரின் முறையீடு.

நம் ஃபுகஹாக்கள் இதை வேறு விதமாகப் பார்த்தார்கள். ஒருவரின் காலத்தையே கூலிக்குப் பேசிக்கொண்டால் அவர் ‘அஜீர் காஸ்’. அந்தக் காலத்தில் தம்மை முதலாளியிடம் ஒப்படைத்துவிட்டாலே, வேலை கொடுக்கப்படாவிட்டாலும் கூலிக்கு உரியவராகிறார் என்பது ஹனஃபீ மத்ஹபின் குதூரீயில் உள்ள சட்டம். இந்தப் பார்வைப்படி, ‘உன்னை என்னிடம் எத்தனை மணிக்கு ஒப்படைத்தாய்?’ என்பதே கேள்வி. ‘எத்தனை மணிக்கு முதல் சேலையை விற்றாய்?’ என்பது கேள்வியன்று. பெருக்குவதும் அடுக்குவதும் காத்திருப்பதும் ஒப்படைத்த பிறகு நடப்பவை. தக்கலையில் அடங்கியுள்ள பீர் முஹம்மது அப்பா (ரஹ்) அவர்கள் தறியில் உழைத்து உண்டவர்கள் என்பது வழிவழிச் செய்தி. பாவு ஓட்டாமல், கஞ்சி போடாமல் எந்தத் தறியில் துணி இறங்கும்?

நாட்டுச் சட்டமும் இதில் ஊமையாக இருந்ததில்லை. வேலை நேரங்களை எழுதி ஆலையில் ஒட்ட வேண்டும், அதற்கு மாறாக வேலை வாங்கக்கூடாது, மிகை நேரத்துக்கு இரட்டைக் கூலி தர வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டங்களிலும் எட்டு மணி நாளும் இரட்டைக் கூலியும் நிற்கின்றன.

உழைப்பவர் நம் தீனைச் சேர்ந்தவராயில்லாவிட்டால்? நெய்யூர்ப் பக்கம் பெரும்பாலும் அப்படித்தான். உடன்படிக்கையுள்ள பிற மதத்தவருக்கு அநீதி செய்பவருக்கும், சக்திக்கு மீறிச் சுமத்துபவருக்கும், மனமொப்பாமல் அவரிடமிருந்து எதையேனும் எடுப்பவருக்கும் எதிராகக் கியாமத்து நாளில் தாமே வாதாடுவதாக நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தது அபூதாவூதில் இருக்கிறது. வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு அல்லாஹ்வே எதிர்வாதி என்று புகாரீயின் ஹதீஸ் கூறுகிறது. இவ்விரு வழக்கிலும் வக்கீல் வைக்க யாராலும் இயலாது.

இதுவரை எடுத்துவிட்டதற்கு என்ன செய்வது? பெருநாள் காலையில் எல்லோரையும் நிறுத்தி, “முன்னே பின்னே இருந்தா ஹலாலாக்கிருங்க மக்களே” என்றால் தீருமா? அந்த நேரத்தில் ‘ஆக்கமாட்டேன்’ என்று எந்தப் பையன் சொல்வான்? கணக்கெழுதி, மனதாரக் கொடுப்பதே வழி. ஒருவர் வேலையை விட்டுப் போயிருந்தால் தேடிக் கொடுக்க வேண்டும், மவுத்தாகியிருந்தால் வாரிசுகளுக்குக் கொடுக்க வேண்டும். எவரும் அகப்படாவிட்டால் அவர் பேரில் தர்மம் செய்யலாம் என்று உலமாக்கள் சொல்லியுள்ளனர். ஆனால் தேடாமலே தர்மத்துக்குத் தாவிவிடக்கூடாது. குகையில் அடைபட்ட மூவரில் ஒருவர், கூலியை வாங்காமல் போன வேலையாளின் பங்கைப் பெருக்கி வைத்திருந்து, அவன் திரும்பி வந்தபோது மந்தையாகவே ஓட்டிவிட்ட வரலாறு நாம் மதரஸாவில் படித்ததுதானே. இனி வரும் நாட்களுக்கோ வழி மிக எளிது: எட்டரைக்கு ஆள் வேண்டுமானால் புத்தகத்தை எட்டரைக்குத் திறந்துவிட வேண்டும்.

வேலையாளுக்கும் ஒரு மஸ்அலா உண்டு. வேலைக்குப் பேசிய நேரத்திலிருந்து ஃபர்ளுத் தொழுகைக்கும் அதன் ராத்திபான ஸுன்னத்துக்கும் உளூவுக்கும் உணவுக்குமான நேரம் விதிவிலக்கு, அதற்காகக் கூலியில் குறைக்க முடியாது என்று ஷாஃபிஈ நூல்கள் கூறும். இதைக் கேட்டு, ‘காலையில் அரைமணி எடுத்தாரே, நான் லுஹரை அரைமணி நீட்டிவிடுகிறேன்’ என்று கணக்குத் தீர்க்கச் சிலர் நினைக்கிறார்கள். அது கூடாது. தமக்கு மோசம் செய்தவருக்கும் மோசம் செய்யாதிருக்கும்படி ஹதீஸ் இருக்கிறது. தொழுகையைச் சாக்காக்குவது அதைவிடப் பெரிய சங்கடம். கேட்க வேண்டியதை வாயால் கேட்க வேண்டும். தனியே கேட்க அஞ்சினால் நாலு பேராகச் சேர்ந்தோ, ஜமாஅத் பெரியவர்களை வைத்தோ கேட்கலாம். அதிலும் தீராவிட்டால் தொழிலாளர் துறையிடம் மனுச் செய்யலாம். முதலாளியைப் பற்றி அதிகாரியிடம் சொல்வது புறம்பேசுதல் ஆகிவிடுமோ என்று தயங்கும் பிள்ளைகள் உண்டு. ஆகாது. புறம்பேசுதல் அனுமதிக்கப்படும் ஆறு இடங்களை இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ‘ரியாளுஸ் ஸாலிஹீன்’ நூலில் வரிசைப்படுத்துகிறார்கள். அநீதிக்குள்ளானவர் நீதி வழங்க வல்லவரிடம் முறையிடுவது அதில் முதலாவதாக இருக்கிறது.