கேட்காமல் வரும் கிரெடிட் கார்டு (ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

 

வட்டக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஜும்ஆவுக்கு வரும் ஒரு சகோதரர் சொன்னார். ஒரே வாரத்தில் ஒன்பது அழைப்புகள், எல்லாம் கிரெடிட் கார்டு வேண்டுமா என்று. பெயர், தெரு, தொழில் எல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. விசாரித்துப் பார்த்தால், கார்டு பிடித்துக் கொடுக்கும் வேலைக்குப் போன நம் பிள்ளை ஒருவர் ஜமாஅத் சந்தா நோட்டைப் போட்டோ எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

வெறும் நம்பர்தானே என்று நினைக்கிறோம். அந்த நோட்டில் எழுதியவர் பள்ளிவாசலை நம்பி எழுதினார். அது அமானிதம். பிறர் வீட்டுக்குள் நுழையுமுன் அனுமதி கேட்டு ஸலாம் சொல்லும்படியும், திரும்பிப் போகச் சொன்னால் திரும்பிவிடும்படியும் சூரத்துன் நூர் (24:27, 28) கட்டளையிடுகிறது. இன்று வீட்டு வாசல் நம் சட்டைப் பையில் இருக்கிறது. "வேண்டாம்" என்று சொன்ன பிறகும் மறுநாள் வேறு நம்பரிலிருந்து கூப்பிடுவது எந்த வகை?

அரசாங்கச் சட்டமும் இதை அனுமதிக்கவில்லை. ரிசர்வ் வங்கியின் நெறிமுறைகளின்படி, நீங்கள் கேட்காத கார்டை உங்களுக்கு அனுப்பக்கூடாது. சம்மதமின்றி கார்டை அனுப்பி, அதை இயக்கத்துக்குக் கொண்டுவந்து பில்லும் போட்டால், அந்தத் தொகையை ரத்து செய்வதோடு அதைப் போல் இரண்டு மடங்கை உங்களுக்கு அபராதமாகத் தர வேண்டும். விற்பனை அழைப்புகள் காலை 10 மணி முதல் மாலை 7 மணி வரைதான். உங்கள் தெளிவான சம்மதம் இல்லாமல் விவரங்களை வெளியே கொடுக்கக்கூடாது.

அடுத்தது விளம்பரம். சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்ல என்றார்கள் (முஸ்லிம்).

கார்டு விளம்பரத்தில் ஈரம் எங்கே இருக்கிறது? "மினிமம் டியூ" என்ற இரண்டு வார்த்தையில். 20,000 ரூபாய் பாக்கி, மாத வட்டி 3.5 சதவீதம், கட்ட வேண்டிய குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வட்டி 700, அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 126. நீங்கள் கட்டிய ஆயிரத்தில் கடனுக்குப் போனது 174 ரூபாய்தான். பாக்கி இருக்கும் வரை, புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லா நாட்களும் கிடைக்காது. ஆனால் நோட்டீஸில் பெரிய எழுத்தில் இருப்பது விமான நிலைய ஓய்வறை! நாகர்கோவிலுக்கு பஸ்ஸில் போகிறவருக்கு அது எதற்கு?

வட்டி ஹராம் என்பதில் நமக்குள் பேச்சே இல்லை. அதிலே விழ வைக்கும்படி மறைத்துப் பேசி கமிஷன் வாங்குவதைப் பற்றித்தான் இன்று பேசுகிறேன். கார்டு விற்கும் தம்பிமார்களே, வருடாந்திர வட்டி விகிதத்தையும் கட்டணங்களையும் சொல்லிவிட்டு விற்றுப் பாருங்கள். சொன்னால் விற்காது என்றால், நீங்கள் விற்பது நனைந்த தானியம்தானே? பிழைப்புக்கு வழியில்லாமல் போன வேலை என்பது தெரியும். வேறு வேலை தேடித் தருவது ஜமாஅத்தின் கடமையும்கூட.

தொல்லை பட்டவர்கள் 1909 என்ற எண்ணில் விளம்பர அழைப்புகளை நிறுத்தச் சொல்லலாம். கேட்காமல் கார்டு வந்தால் ஓடிபி யாருக்கும் சொல்லாதீர்கள். வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448. எழுதத் தெரியாதவர்கள் தொழுகை முடிந்ததும் இருங்கள், நாமே எழுதித் தருகிறோம். சந்தா நோட்டு இனி பூட்டிய அலமாரியில்தான் இருக்கும்.