ஈரவீதியும் ரயரின் பற்றும்

வாவி சூழ்ந்த நம் மட்டக்களப்பு நாட்டிலே, ஐப்பசி தொடங்கித் தை வரை வடகீழ்ப் பருவக்காற்று பெருமழையைக் கொணர்கின்றது. எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் வீதிகள் நீர் போர்த்து நிற்கும் அக்காலத்தில், மோட்டார் வண்டி செலுத்தும் பழைய மாணவர்க்கும், மோட்டார்ச் சைக்கிளில் விரையும் இளைஞர்க்கும் பயன்படும் பாடம் ஒன்றை ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம். தமிழாசிரியர்க்கு ரயரைப் பற்றி என்ன பேச்சு எனச் சிலர் வினவலாம். பற்று என்னும் சொல் எமது துறைக்குரியது. அச்சொல்லின் பொருளை வீதியிலே வைத்து விளக்குவதே எமது நோக்கம்.

வண்டி நிலத்தைத் தொடும் இடம் எவ்வளவு? 1200 கிலோகிராம் நிறையுள்ள காரில் ஒவ்வொரு சில்லும் ஏறக்குறைய 300 கிலோகிராமைத் தாங்குகின்றது. ரயரின் காற்றமுக்கம் சதுர அங்குலத்துக்கு 30 இறாத்தலாயின், அது நிலத்தில் பதியும் பரப்பு ஏறத்தாழ 140 சதுர சென்ரிமீற்றர், அஃதாவது ஓர் உள்ளங்கையளவே. நான்கு உள்ளங்கைகளை நம்பியே குடும்பம் முழுவதும் பயணஞ் செய்கின்றது.

இனி ஒரு கணக்கு. வறண்ட தார்வீதியில் உராய்வுக் குணகம் 0.7 என்றும், நனைந்த வீதியில் 0.4 என்றும் கொள்வோம். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டி, பிறேக் பிடித்தபின் வறண்ட வீதியில் 20 மீற்றரிலும், ஈரவீதியில் 35 மீற்றரிலும் நிற்கும். சாரதி கண்டு காலை எடுத்து வைக்கும் ஒரு விநாடியில் மேலும் 17 மீற்றர் கழிந்துவிடும். 50 மீற்றர் ஆரையுள்ள வளைவிலே, வறட்சியில் 66 கிலோமீற்றர் வரை தாங்கும் பற்று, ஈரத்தில் 50 கிலோமீற்றருடன் தீர்ந்துபோகும்.

இதனினும் கொடிது நீர்மேல் மிதத்தல். ரயரின் வரிப்பள்ளங்கள் நீரை வெளியேற்றும் வரையிலேயே இறப்பர் தாரைத் தொடும். நீர் மிகுந்தும் வேகம் மிகுந்தும் போகுங்கால், நீர் ரயரின் முன்னே ஆப்புப் போலப் புகுந்து அதனை உயர்த்திவிடுகின்றது. அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனத்தார் 1963இல் இதனை ஆராய்ந்து ஒரு விதியை வெளியிட்டனர். அமுக்க இறாத்தலின் வர்க்கமூலத்தை 10.35ஆற் பெருக்கினால் மிதக்கும் வேகம் மைலிற் கிடைக்கும். 30 இறாத்தலுக்கு அது 57 மைல், அஃதாவது 91 கிலோமீற்றர். காற்றுக் குறைந்த ரயர் இதற்கு முன்னரே மிதக்கும். தேய்ந்த ரயருக்கோ சிறிதளவு நீரே போதும்.

விளையாட்டுக் கார்களின் அகன்ற ரயர் வறட்சியில் நன்மை தரும். ஆயின் 20 சென்ரிமீற்றர் அகலமுள்ள ரயர், 3 மில்லிமீற்றர் நீரில் மணிக்கு 80 கிலோமீற்றர் ஓடினால், விநாடிக்கு 13 லீற்றர், ஏறத்தாழ ஒரு குடம் நீரை, விலக்க வேண்டும். அகலம் கூடக் கூட இச்சுமையும் கூடும். ஓட்டப்பந்தயத்தாரும் மழை வந்தால் வழுவழுப்பான ரயரைக் கழற்றி வரிப்பள்ளமுள்ளதைப் பூட்டுவர். 2005ஆம் ஆண்டு அமெரிக்காவின் இந்தியானாபொலிசில் நிகழ்ந்த பந்தயத்தில், தம் ரயர்களை நம்பமுடியாமல் 14 கார்கள் விலகின. எஞ்சிய ஆறில் ஒன்றைச் செலுத்திய தமிழரான நரேன் கார்த்திகேயன் நான்காமவராக வந்தார். எஞ்சினின் வலிமையும் ரயரின் உறுதிக்குப் பின்னரே என்பது இதனாற் பெறப்படும்.

வண்டி வழுக்கினால் யாது செய்வது? முன்சில்லு வழுக்கினால், திருப்பினும் வண்டி நேரே செல்லும். அப்பொழுது வேகத்தை மெல்லக் குறைத்து, திருப்பிய சுக்கானைச் சிறிது தளர்த்துக. பின்சில்லு வழுக்கினால், வால் செல்லும் பக்கத்துக்கே முன்சில்லைத் திருப்புக. நீர்மேல் மிதந்தால் சுக்கானை நேராகப் பிடித்து, மிதியிலிருந்து காலை மெல்ல எடுக்க. பற்று ஒரே முதல். அதனைத் திரும்புதற்கும் நிறுத்துதற்கும் பகிர்ந்தே செலவிட வேண்டும். ஆகவே, வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறைத்தல் அறிவுடைமை.

நம் ஊருக்குரிய ஏதுக்களும் உள. கோடைக்குப் பின் வரும் முதன்மழை, வீதியிற் படிந்த எண்ணெயையும் புழுதியையும் குழைத்து வழுக்கலாக்கும். கடலோர வீதியில் காற்று இறைக்கும் மணலும், அறுவடைக் காலத்தில் சிந்திய வைக்கோல் நனைந்து கிடப்பதும் இருசில்லு வண்டிக்குப் பெருந்தீங்கு. வெள்ளம் மூடிய தாம்போதியின் ஆழத்தைக் கண்ணால் அளக்க இயலாது, காத்திருத்தலே நன்று.

மாணவர்களே! வரிப்பள்ளம் 1.6 மில்லிமீற்றருக்குக் குறைந்த ரயரை மாற்றுமாறு வீட்டாரிடம் வற்புறுத்துங்கள். மாரி தொடங்குமுன் காற்றமுக்கத்தை அளந்து பாருங்கள். பத்து நிமிடம் பிந்தி வருபவரை வாசலிலே காத்திருப்போர் பொறுத்துக்கொள்வர். வாராதவரை எண்ணி அவர் வாழ்நாளெல்லாம் வருந்துவர்.