மாதவிலக்கு தள்ளித் தள்ளிப் போகிறதா?

பிரிக்பீல்ட்ஸில் அறையெடுத்துத் தங்கிப் படிக்கும் மாணவிகள் பலர் இதைப் பரீட்சை டென்ஷன் என்று விட்டுவிடுகிறார்கள். பிசிஓஎஸ் என்னும் ஹார்மோன் கோளாறாகவும் இருக்கலாம்.

1. தேதிகளைக் கைப்பேசியில் குறித்து வையுங்கள். 35 நாளைத் தாண்டுவது வாடிக்கையானாலோ, ஒரே ஒருமுறை 90 நாள் வராமல் போனாலோ டாக்டரைப் பார்க்க வேண்டும்.

2. அரசு கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போங்கள். குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட்தான். முகத்தில் முடி, அடங்காத பரு இருந்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். ஆண் ஹார்மோன் கூடியதற்கு அவை அடையாளமாக இருக்கலாம்.

3. ஸ்கேனுக்கு அவசரப்படாதீர்கள். வயதுக்கு வந்து 8 ஆண்டுகள் ஆகும்வரை சினைப்பையில் சிறு பைகள் நிறையத் தெரிவது இயல்பு. அதை வைத்து முடிவுகட்ட வேண்டாம் என்கிறது 2023 சர்வதேச பிசிஓஎஸ் வழிகாட்டி.

4. சர்க்கரைப் பரிசோதனை கேளுங்கள், ஒல்லியாக இருந்தாலும். இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போவது பிசிஓஎஸ்ஸில் சகஜம்.

5. அதனால் தே தாரேக்கைக் குறைத்து தே ஓ கொசோங் கேளுங்கள். ஜாலான் துன் சம்பந்தன் பக்கத்து வாழையிலைச் சாப்பாட்டை விட வேண்டாம். சோறு பாதி, காயும் மீனும் கூடுதல். பட்டினி மட்டும் கிடக்காதீர்கள், அடுத்த வேளை இரண்டு மடங்கு இறங்கும்.

6. டாக்டர் கருத்தடை மாத்திரை எழுதினால் அம்மா பதறக்கூடும். மாதவிலக்கைச் சீராக்கவும் கருப்பை உட்சுவரைக் காக்கவும்தான் அது என்று விளக்குங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

7. "பிள்ளை பிறக்காது" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். பெரும்பாலோர் தாயாகிறார்கள், சிலருக்குச் சிகிச்சை தேவைப்படும்.