கால்டுவெல்: மாலையா, வசையா?

கேள்வி: கிறித்தவ மதபோதகரும் மொழியறிஞருமான கால்டுவெல்லைக் கொண்டாடுவதா, கண்டிப்பதா?

பதில்: இரண்டுக்கும் உரியவர்தான். தமிழும் அதன் உறவுமொழிகளும் சமஸ்கிருதத்தில் பிறந்தவை அல்ல, தனிக் குடும்பம் என்பதை ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் 1816-லேயே சொல்லியிருந்தார். அதை விரிவான சான்றுகளோடு நிறுவியது 1856-இல் வந்த கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம். அதே மனிதர்தான் 1849-இல் எழுதிய நூலில், இடையன்குடியில் தாம் ஊழியம் செய்த நாடார் சமூகத்தையே இழிவாகச் சித்திரித்தார். அம்மக்கள் பின்னாளில் கொதித்தெழுந்ததில் வியப்பில்லை.

'அந்தக் காலத்து வெள்ளைக்காரர் அப்படித்தான்' என்று தள்ளிவிட முடியாது. இழிவுபட்டவர்களும் அதே காலத்தில்தானே வாழ்ந்தார்கள்! அதற்காக ஒப்பிலக்கணத்தைத் தூக்கி எறிந்தால் நட்டம் நமக்கே. கூட்டிக் கழித்து ஒற்றை மதிப்பெண் போடாதீர்கள். மெரினாவில் உள்ள அவர் சிலைக்கு மாலை போடுங்கள். 1849 நூலைப் பற்றியும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.